பிரேக்கை மிதித்தால் மீட்டர் விளக்கு எரிகிறதா? பழைய பிக்கப்பின் மின்கோளாறுகளைத் தேடிப் பிடிக்கும் வழி

என் பழைய பிக்கப்பில் ஒரு மாலை பிரேக்கை மிதித்தேன். டாஷ்போர்டுக்குள் மீட்டர் விளக்குகள் மங்கலாக எரிந்தன. காலை எடுத்தேன், அணைந்தன. விளக்கு சுவிட்சை நான் தொடவே இல்லை. வண்டியைப் பார்த்த ஒரு மெக்கானிக், ஒயரிங் முழுவதையும் உருவி எடுத்துவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும் என்றார். மறுநாள் வலதுபுறப் பின்விளக்கைக் கழற்றினேன். மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் ஒயரைத் தகட்டோடு பிடித்திருந்த திருகைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. திருகை எடுத்து, ஒயர் முனையின் வளையத்தையும் தகட்டையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, மறுபடி முடுக்கினேன். கோளாறு போய்விட்டது.

நடந்தது இதுதான். அந்தப் பின்விளக்கில் ஒரே பல்புக்குள் 21 வாட் பிரேக் இழையும் 5 வாட் பார்க்கிங் இழையும் இருக்கின்றன. இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் விட்டுப்போனதும், பிரேக் இழைக்குள் நுழைந்த மின்சாரம் வெளியேற வழியின்றி அடுத்த இழை வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்தது. அங்கிருந்து பார்க்கிங் ஒயரில் ஏறி, அதே ஒயரில் இணைந்திருக்கும் மீட்டர் விளக்குகள் வழியாக எர்த்தைத் தேடிக்கொண்டது.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் மின்சாரம் நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். போகும் வழிக்கு நிறம் நிறமாக ஒயர் உண்டு. திரும்பும் வழி வண்டியின் இரும்பு. பிக்கப்பில் அந்த இரும்பு ஒரே துண்டாக இல்லை: என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் தொங்குகிறது, கேபின் ரப்பர் வட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, சரக்குப் பெட்டி தனியாகச் சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தின் மேல் போல்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் பேட்டரியின் நெகட்டிவோடு சேர்க்க ஒரு பின்னல் பட்டையோ கேபிளோ வேண்டும். மழையும் சேறும் முதலில் தின்பது அந்தப் பட்டைகளைத்தான். எனவே எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது எர்த்.

தேவையான கருவிகள்

ஒரு மல்டிமீட்டர். ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் உள்ள சோதனை விளக்கு. பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று, இரண்டு ஒயர்கள் பற்றவைத்தது. இடையில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த இணைப்பு ஒயர் ஒன்று. உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் என்ஜினுக்கும் உரிய ஒயரிங் வரைபடம். இவ்வளவு போதும்.

மல்டிமீட்டரை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் பலர். பத்துப் பதினைந்து இழைகள் உள்ள ஒயரில் ஒன்றைத் தவிர எல்லாம் அறுந்திருந்தாலும் மீட்டர் 12.6 வோல்ட் என்றே காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். அந்த ஒற்றை இழையே அதற்குத் தாராளம். அதே இடத்தில் 55 வாட் பல்பை இணைத்தால் நாலரை ஆம்பியர் வரை ஓட வேண்டும். ஒற்றை இழையால் அதைத் தாங்க முடியாது, பல்பு மங்கும். சோதனையைச் சுமையோடு செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

சுமையோடு அளக்கும் முறைக்கு மின்னழுத்த இழப்புச் சோதனை என்று பெயர். பழைய வண்டிக்கு இதைவிட நம்பகமான சோதனையை நான் அறியேன். பல்பையோ மோட்டாரையோ இயங்கவிட்டு, மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றைப் பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள். எர்த் வழி சுத்தமாக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 0.1 வோல்ட் வரை கவலையில்லை. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் வழியில் எங்கோ துருவோ தளர்ச்சியோ அதைத் தின்கிறது. நெகட்டிவ் முனையில் ஒரு கம்பியை அப்படியே வைத்துக்கொண்டு மற்றொன்றை ஒவ்வோர் இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள்: விளக்கின் ஹோல்டர், எர்த் திருகு, சரக்குப் பெட்டியின் தகடு, சேஸிஸ், என்ஜின். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, பழுது அந்த இணைப்பில். பாசிட்டிவ் பக்கத்துக்கும் இதே முறைதான். அங்கே நகராத கம்பி பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருக்கும்.

வேலை தொடங்கும் முன் மோதிரம், கைக்கடிகாரம், உலோகக் காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பாசிட்டிவுக்கும் இரும்புக்கும் நடுவே மோதிரம் சிக்கினால் விரலோடு சேர்த்துச் சுட்டுவிடும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அதன் பக்கத்தில் பொறி பறக்கவிடாதீர்கள்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை

புதுச் செல்ஃப் மோட்டார் வாங்கும் முன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் என்ன ஆகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது.

வெளிச்சம் அடியோடு அணைந்தால், பெரிய மின்னோட்டம் கேட்ட கணத்தில் ஓர் இணைப்பு கைவிடுகிறது. அநேகமாகப் பேட்டரி டெர்மினல். நன்றாக மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது செல்ஃப் மோட்டார் இறுகிக் கிடக்கிறது. வெளிச்சம் அசையாமல் நின்றால், செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் போகவே இல்லை. சாவியிலிருந்து வரும் கட்டளை வழியில் நின்றுவிட்டது.

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே என்றால் சார்ஜ் செய்யாமல் மேற்கொண்டு சோதிப்பது வீண். நிறைந்த பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது ஏறக்குறைய 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரிக்கு உள்ளே வலு இல்லை, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

அடுத்தது கேபிள்கள். இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலில் பூத்த உப்பின் தடை ஒரு ஓமில் நூறில் ஒரு பங்குதான். 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். சாதாரண மீட்டரின் ஓம் அளவையில் அந்தத் தடை கண்ணுக்கே தெரியாது. ஆனால் மோட்டாருக்குப் போக வேண்டிய 2 வோல்ட் அங்கேயே சூடாகிக் கரைகிறது. அதனால் ஓம் அளவையை விட்டுவிட்டு மின்னழுத்த இழப்பை அளக்கிறோம்.

கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரையும், டீசல் வண்டியில் எரிபொருளைத் திறந்து மூடும் மின்காந்தமான எரிபொருள் சோலினாய்டின் ஒயரையும் கழற்றுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் அளக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் உடம்பு வரை 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. பாசிட்டிவ் குமிழிலிருந்து மோட்டாரின் பெரிய போல்ட் வரை அரை வோல்ட் போகலாம். மீட்டர் கம்பியை ஈயக் குமிழிலேயே குத்த வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். குமிழைக் கவ்வும் கிளாம்பில் குத்தினால், அவை இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் பழுது கணக்கிலேயே வராது. பழைய வண்டிகளில் ஒளியும் இடமும் அதுதான்.

டெர்மினல் பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றித் துடைத்து, உலரவிட்டு, குமிழையும் கிளாம்பின் உட்புறத்தையும் உலோக நிறம் தெரியும்வரை தேய்த்து முடுக்குங்கள். கரைசல் பேட்டரிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாஸ்லைன் முடுக்கியபின் மேலே பூச வேண்டியது.

"டக் டக் டக்" என்று வேகமாகத் தட்டும் ஒலி வந்தால் மின்னழுத்தம் போதவில்லை. செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்சான சோலினாய்டு இழுக்கிறது, இழுத்ததும் மோட்டார் மின்சாரத்தை உறிஞ்ச அழுத்தம் விழுகிறது, சோலினாய்டு விட்டுவிடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு கனத்த "டக்" வந்து அமைதியானால், கேபிள்களைச் சோதித்தபின் சோலினாய்டின் உள் முனைகளையும் மோட்டாரின் கார்பன் பிரஷ்களையும் பாருங்கள்.

ஒலியே இல்லையென்றால் சோலினாய்டின் சிறிய ஒயரில் சோதனை விளக்கை வைத்துச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு எரிந்தால் பழுது சோலினாய்டில். எரியவில்லை என்றால் பின்னோக்கிப் போங்கள்: ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இருந்தால் ரிலே, கிளட்ச் மிதியிலோ கியர் லீவரிலோ உள்ள பாதுகாப்பு சுவிட்ச், சாவி சுவிட்ச். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஸ்டார்ட் ஆனால் அந்தப் பாதுகாப்பு சுவிட்சைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்டதும் அணைகிறது

இக்னிஷன் காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயின்ட் உள்ள பழைய பெட்ரோல் என்ஜின்களில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. செல்ஃப் சுற்றும்போது காயிலுக்கு முழு மின்னழுத்தம் ஒரு வழியாகவும், ஓடும்போது தடைக்கட்டை வழியாகக் குறைந்த மின்னழுத்தம் வேறு வழியாகவும் போகும். பாலஸ்ட் ரெசிஸ்டர் என்பது அந்தத் தடைக்கட்டைதான். சிலவற்றில் அதற்குப் பதிலாகத் தடையுள்ள ஒயர் இருக்கும். அது அறுந்தால் செல்ஃப் சுற்றும்வரை என்ஜின் ஓடும், சாவியை விட்டதும் செத்துவிடும். சாவியை ஓடும் நிலையில் வைத்துத் தடைக்கட்டையின் இருபுறமும் சோதனை விளக்கை வைத்தால் தெரிந்துவிடும். டீசலில் இதே அறிகுறி வந்தால், ஓடும் நிலையில் எரிபொருள் சோலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். சாவி சுவிட்சின் ஒரு முனை தேய்ந்திருக்கலாம்.

இரவில் நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறது

முதலில் பேட்டரியின் மேலுள்ள சந்தேகத்தைத் தீருங்கள். நிறைய சார்ஜ் செய்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, மாலையும் காலையும் அளந்து பாருங்கள். எதுவும் இணைக்காமலே இறங்கினால் பேட்டரியே குற்றவாளி. வண்டியில் தேட வேண்டியதில்லை.

பேட்டரி நன்றாக இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பேட்டரியின் நெகட்டிவ் குமிழுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஆம்பியர் அளவையில் தொடராக இணையுங்கள். மீட்டரின் சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்க வேண்டும். இந்த இணைப்பில் சாவியைத் திருப்பினாலோ ஹெட்லைட்டைப் போட்டாலோ மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். கதவுகளை மூடுங்கள், அல்லது கதவு சுவிட்சை அழுத்திக் கட்டுங்கள். இல்லாவிட்டால் கேபின் விளக்கின் மின்சாரத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மின்னணுக் கருவிகள் அதிகம் இல்லாத பழைய வண்டியில் அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியர் நாள் முழுவதும் ஒழுகினால் 1.2 ஆம்பியர் மணி. அதுவே அரை ஆம்பியர் ஆனால் நாளுக்கு 12 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணிப் பேட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும்.

அளவு அதிகமாக இருந்தால் மீட்டரைப் பார்த்தபடியே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் எண் விழுகிறதோ, ஒழுக்கு அந்தக் கிளையில். அந்த ஃபியூஸ் எந்தெந்தக் கருவிக்குப் போகிறது என்று வரைபடத்தில் பார்த்து அவற்றை மட்டும் கழற்றிச் சோதியுங்கள். அணையாத கையுறைப் பெட்டி விளக்கு, என்ஜின் மூடிக்கு அடியில் உள்ள விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே, யாரோ பிற்காலத்தில் மாட்டிய ரேடியோ ஆகியவற்றை முதலில் பார்ப்பேன். வண்டி வெகுநேரம் நின்றபின்னும் ஒரு ரிலே கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் அது விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது.

எல்லா ஃபியூஸ்களையும் உருவியும் எண் விழவில்லையா? ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாத ஒன்று மிஞ்சுகிறது: என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர். மீட்டரைக் கழற்றி, பேட்டரி நெகட்டிவ் துண்டிக்கப்பட்ட நிலையிலேயே ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரையும் ஒயர்களை இணைக்கும் சிறு செருகியான கப்ளரையும் எடுத்துவிட்டு, தடித்த ஒயரின் முனை இரும்பில் படாதபடி டேப் சுற்றி, மறுபடி மீட்டரை இணையுங்கள். ஒழுக்கு நின்றால் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று பழுது. பகலில் சார்ஜ் செய்துகொண்டே இரவில் வடித்துவிடும் என்பதால் பலரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

சார்ஜ் ஏறவில்லை, அல்லது அளவுக்கு மீறி ஏறுகிறது

என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.6-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் பெல்ட் தளர்ச்சியைப் பாருங்கள். பிறகு சாவியை மட்டும் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், டாஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். அந்தச் சிறு பல்பு வழியாகத்தான் பல ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் தூண்டுதல் கிடைக்கிறது. பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால் நல்ல ஆல்டர்னேட்டரும் விழிக்காது. பல்பை மாற்றும் வேலையோடு முடிந்திருக்க வேண்டியதற்கு ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பதைக்கிறது.

15 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜ் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது, அல்லது தனியாக மாட்டிய ரெகுலேட்டரின் எர்த் பழுது. எர்த் இழந்த ரெகுலேட்டர், பேட்டரியில் இருப்பதைவிடக் குறைந்த மின்னழுத்தத்தை உணர்ந்து, இன்னும் ஏற்று என்று ஆல்டர்னேட்டரை விரட்டிக்கொண்டே இருக்கும். பேட்டரி கொதித்து நீர் வற்றும். ரெகுலேட்டரின் பாதத்தைக் கழற்றி அடித்தகட்டைத் தேய்த்துவிட்டு மறுபடி அளங்கள்.

டையோடைச் சோதிக்க மீட்டரை ஏசி வோல்ட் அளவையில் வைத்து, என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி முனைகளில் அளக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி தெரிந்தால் டையோடு சந்தேகத்துக்குரியது.

ஓடும் என்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றி, என்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். பேட்டரி விலகிய கணத்தில் மின்னழுத்தம் எகிறி ரெகுலேட்டரையும் டையோடுகளையும் கொன்றுவிடும்.

ஃபியூஸ் போட்டதும் போய்விடுகிறது

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். வெள்ளிக் காகிதம் சுற்றாதீர்கள். ஃபியூஸ் காக்கும் ஒயர் அதன் அளவுக்குத்தான் தாங்கும். ஃபியூஸ் போகாவிட்டால் ஒயர் எரியும், ஒயரைத் தொடர்ந்து வண்டி எரியும்.

பெட்டி பெட்டியாக ஃபியூஸ்களையும் வீணாக்க வேண்டியதில்லை. அந்த 55 வாட் பல்பை எடுத்து, எரிந்த ஃபியூஸ் இருந்த இரண்டு முனைகளிலும் அதன் ஒயர்களைச் செருகுங்கள். அந்தக் கிளையின் சுவிட்சைப் போடுங்கள். ஒயர் எங்கோ இரும்பில் படிந்திருந்தால் முழு 12 வோல்ட்டும் பல்பின் மேல் விழுந்து அது பிரகாசமாக எரியும். மின்னோட்டம் நாலரை ஆம்பியரைத் தாண்டாது, ஒன்றும் கருகாது. ஷார்ட் இருக்கும்வரை பல்பு எரிந்துகொண்டே நின்று உங்களுக்கு நேரம் தரும்.

இப்போது பல்பைக் கண்ணில் படும்படி தொங்கவிட்டு ஒயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு நடங்கள். ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் ஒருமுறை கட்டை ஆட்டி, தூக்கி, விலக்கிப் பாருங்கள். கப்ளர் வந்தால் பிரியுங்கள். பிரித்தும் பல்பு எரிந்தால் ஷார்ட் ஃபியூஸின் பக்கம். அணைந்தால் அதைத் தாண்டி. ஒயரை அசைக்கையில் பல்பு சட்டென்று மங்கினால் உங்கள் கை சரியான இடத்தில் இருக்கிறது.

பிக்கப்பில் எங்கே தேடுவது என்பதற்கு அனுபவம் சில இடங்களைக் காட்டித் தருகிறது. கேபினிலிருந்து என்ஜின் பக்கம் ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் விழுந்திருந்தால் தகட்டின் விளிம்பு ஒயரை அறுக்கும். சரக்குப் பெட்டியின் தாங்கிக்கும் சேஸிஸுக்கும் நடுவே சிக்கிய ஒயர், பாரம் ஏற்றும்போது மட்டும் நசுங்கும். காலியாக இருக்கையில் ஃபியூஸ் போகாது, சரக்கு ஏற்றியதும் போகும். புகைபோக்கிக் குழாய்க்கு அருகில் சென்ற ஒயரின் உறை உருகும். கதவுக் கீலிலும் பின்கதவுக் கீலிலும் மடங்கி மடங்கி உறை வெடிக்கும். டிரெய்லருக்கு என்று யாரோ பின்னால் சேர்த்த இணைப்பு இருந்தால் நான் நேரே அங்கேதான் போவேன். தண்ணீர் புகுந்த அந்தச் சாக்கெட்டுக்குள் முனைகளுக்கு நடுவே பச்சைக் களிம்பு பாலம் கட்டியிருக்கும்.

ஹெட்லைட் மங்கல்

பல்பை மாற்றியும் மஞ்சள் வெளிச்சம்தான் என்றால், விளக்கு எரிகையில் பல்பின் கப்ளருக்குப் பின்புறமாக மீட்டர் கம்பியைச் செருகி அளந்து, அதே நேரத்தில் பேட்டரியில் எவ்வளவு என்றும் பாருங்கள். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒரு வோல்ட் இழப்பும் இரவுப் பயணத்தில் பெரிய இழப்புதான்.

பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டு ஹெட்லைட்டுகளின் மின்சாரம் முழுவதும், ஏறத்தாழ 9 ஆம்பியர், டாஷ்போர்டில் உள்ள சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. சுவிட்சின் பின்புறம் பழுப்பேறி இளகியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. நிலையான தீர்வு ரிலே: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் 30-ஆம் முனைக்கு, 87-இலிருந்து விளக்குக்கு, பழைய விளக்கு ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பழைய சுவிட்ச் இனி ரிலேயின் சிறு சுருளை மட்டும் இயக்கினால் போதும். எர்த் பக்கம் சுவிட்ச் செய்யும் வண்டிகளில் இந்த இணைப்பு மாறும் என்பதால் வரைபடத்தைப் பார்த்துவிட்டே வெட்டுங்கள்.

இண்டிகேட்டரும் மீட்டர்களும்

ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமாகத் துடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியவில்லை, அல்லது அதன் எர்த் போய்விட்டது. இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் பிளாஷர்களில், வெப்பத்தால் இயங்கும் பழையவை சிலவற்றில் ஒரு பல்பு போனால் துடிப்பே நின்றுவிடும். இருபுறமும் துடிக்காவிட்டால் ஃபியூஸையும் பிளாஷரையும் பாருங்கள்.

எல்லா மீட்டர்களும் சேர்ந்து தவறாகக் காட்டினால் தனித்தனிக் காரணம் தேடாதீர்கள். மீட்டர் பெட்டியின் எர்த்தும் அதற்கு உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு பாகமும்தான் பொது. பெட்ரோல் முள் மட்டும் அசையவில்லை என்றால் டேங்கில் உள்ள மிதவையின் ஒயரைக் கழற்றி ஒரு கணம் சேஸிஸில் தொடுங்கள். டேங்க் வாய்க்கு அருகே செய்யாமல் தள்ளியிருக்கும் கப்ளரில் செய்யுங்கள். முள் ஒரு கோடிக்குப் போனால் மீட்டரும் ஒயரும் நலம். பழுது மிதவையிலோ டேங்கின் எர்த்திலோ.

சில நாள் வருகிறது, சில நாள் இல்லை

இது பொறுமையைக் கேட்கும். எப்போது வருகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மழைக்குப் பிறகா, என்ஜின் சூடேறியபின்னா, பள்ளத்தில் இறங்கும்போதா, இடப்பக்கம் திரும்பும்போதா. மழை என்றால் சந்தேகமுள்ள கப்ளர்களின் மேல் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சூடு என்றால் முடி உலர்த்தியால் ரிலேயையும் இக்னிஷன் மாட்யூலையும் சூடேற்றுங்கள். பள்ளம் என்றால் என்ஜின் நின்றபடி ஓடுகையில் ஒயர்க் கட்டுகளை ஆட்டுங்கள். மின்விசிறியும் பெல்ட்டும் கையைப் பிடித்துவிடாமல் கவனம்.

ஒயருக்குள்ளேயே அறுந்திருப்பதும் உண்டு. வெளியே உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு களிம்பேறிப் பச்சைத் தூளாகியிருக்கும். சந்தேகப்படும் ஒயரை இரு கைகளாலும் மெல்ல இழுங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். உள்ளே அறுந்தது ரப்பர் போல நீளும். பேட்டரிக்கு அருகே ஃபியூஸுக்குப் பதிலாக வைக்கும் எரியிணைப்பு ஒயரையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். அது எரிந்தபின்னும் உறை சாதாரணமாகத் தெரிவது உண்டு.

பழுதான துண்டை வெட்டும்போது பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். அதே தடிமனுள்ள புது ஒயரைச் சேர்த்து, கிரிம்ப் செய்து (உலோகக் குழாய்க்குள் வைத்து நசுக்கி இறுக்கி), பசை உள்ள சுருங்குகுழாயைச் சூடேற்றி மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அடுத்த மழைக்காலம் வரைதான் தாங்கும். ஒயரைக் குத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவ்விகளை வண்டிக்கு அடியில் ஒருபோதும் வைக்காதீர்கள். அவை போட்ட துளை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே நுழைந்து ஒயர் நெடுகக் களிம்பை இழுத்துச் செல்கிறது. வேலை முடிந்ததும், எந்தெந்த எர்த் முனைகளைத் தேய்த்தீர்கள் என்பதை வரைபடத்தின் ஓரத்தில் தேதியோடு குறித்து வையுங்கள்.